இருபது குதிரையும் ஒரு சாண் மண்ணும்

"எத்தனை எச்.பி. பாக்கறீங்கண்ணா?" டிராக்டர் ஷோரூமுக்குள் காலை வைத்ததும் வரும் கேள்வி இது. முதல் டிராக்டர் வாங்க வந்தவர், பக்கத்துத் தோட்டத்தில் நிற்பதைவிட நாலைந்து கூட்டி ஒரு எண்ணைச் சொல்வார். பம்புசெட்டை எச்.பி. பார்த்து வாங்குவதில் தப்பில்லை. சின்ன டிராக்டரில் மட்டும் அந்த எண் பாதி விஷயத்தைத்தான் சொல்லும். மீதி உங்கள் மண்ணில் கிடக்கிறது.

கணக்குப் போட ஒரு தோட்டம் வேண்டும். ஆனைமலை அடிவாரத்தில் நான்கு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கரில் இருபத்தைந்தடிக்கு ஒன்றாகத் தென்னை. ஒரு ஏக்கரில் மஞ்சளோ சோளமோ. பெரும்பாலும் செம்மண், வாய்க்கால் ஓரம் மட்டும் களி. தமிழ்நாட்டுச் சராசரிக்கு இதுவே பெரிய தோட்டம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு விவசாயியிடம் இருப்பது சராசரியாக 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கரைக்கூட எட்டாது. பதினைந்து முதல் முப்பது எச்.பி. வரையிலான மினி டிராக்டர்கள் இந்த மாதிரித் தோட்டங்களை நம்பித்தான் சந்தைக்கு வந்திருக்கின்றன.

எச்.பி. என்பது ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை விற்பதற்காகக் குதிரையோடு ஒப்பிட்டுக் கிளப்பிவிட்ட அலகு. டிராக்டர் கணக்குக்கு, 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன் ஒரு எச்.பி. என்று வைத்துக்கொண்டால் போதும். நம் ஊர்க் காளை ஜோடி ஒன்று மணிக்கணக்கில் சளைக்காமல் இழுப்பது அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது எழுபத்தைந்து கிலோ அளவுக்கு. வேகம் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 0.7 எச்.பி. வரும். அப்படியானால் இருபது எச்.பி. டிராக்டர் இருபத்தெட்டு ஜோடி மாட்டுக்குச் சமம். ஷோரூமில் நிற்கும்போது மனசு போடும் கணக்கு இதுதான்.

இப்போது அதே டிராக்டரில் கலப்பையை மாட்டிக் காட்டில் இறக்குவோம். மினி டிராக்டரின் எடை எண்ணூறு கிலோ என்று கொள்ளலாம். டூ வீல் டிரைவ் வண்டியில் இழுப்பது பின்சக்கரம் மட்டுமே. அதன்மேல் நிற்பது ஏறக்குறைய ஐந்நூறு கிலோ. சக்கரம் எவ்வளவு இழுக்கும் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை. டயரின் பட்டைகள் மண்ணைப் பின்னால் தள்ள, அந்த மண் நகராமல் எதிர்த்து நிற்கும் அளவுக்குத்தான் வண்டி முன்னால் போகும். சிமெண்ட் தரையில் சக்கரத்தின் மேலுள்ள எடையில் முக்கால் பங்கை இழுவையாக எடுக்கலாம். கெட்டியான மண்ணில் பாதி. ஏற்கெனவே உழுத புழுதியில் நாற்பது சதவீதம் கிடைத்தால் பெரிது. ஐந்நூறில் நாற்பது சதவீதம் இருநூறு கிலோ. மணிக்கு நான்கு கிலோமீட்டரில், நொடிக்கு 1.1 மீட்டர் வேகத்தில், அது மூன்று எச்.பி.க்கும் குறைவு. இழுவையை மட்டும் பார்த்தால் மூன்று ஜோடி மாட்டுக்குக்கூடக் காணாது.

மீதிப் பதினேழு எச்.பி. திருட்டுப் போகவில்லை. மண் ஏற்கவில்லை, அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டரை மேலும் மிதித்தால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். டீசலும் டயரும் செலவாகும்.

ஒரு இறக்கைக் கலப்பை முப்பது சென்டிமீட்டர் அகலத்தில், இருபது சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, மண்ணைப் புரட்டுகிறது என்றால் வெட்டுமுகம் 600 சதுர சென்டிமீட்டர். நடுத்தர மண்ணில் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ எதிர்ப்பு இருக்கும். முந்நூறு கிலோ இழுவை வேண்டும். நம் டிராக்டரிடம் இருப்பது இருநூறு. இருபது எச்.பி.க்குப் பதில் இருபத்தைந்து எச்.பி. எஞ்சினை அதே உடம்பில் வைத்தாலும் இந்த நூறு கிலோ பற்றாக்குறை தீராது. எடை கூட வேண்டும், அல்லது அதிகச் சக்கரங்கள் இழுக்க வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவின் லாபம் இங்கேதான். எண்ணூறு கிலோவும் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே நிற்பதால் இழுவை முந்நூற்றைத் தாண்டும். பெரிய டிராக்டரைவிடச் சின்ன டிராக்டருக்குத்தான் ஃபோர் வீல் அதிகம் தேவை என்பது என் கட்சி. பெரிய வண்டிக்கு எடையாவது கைகொடுக்கும். விலை கூடுதல்தான். செம்மண் தோப்பில் புல் வெட்டவும் மருந்தடிக்கவும் மட்டும் என்றால் டூ வீலே போதும். களியும் சேறும் சரிவும் இருந்தால் முன் அச்சுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. ஒன்று மட்டும்: முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றும்படி பல்சக்கரங்களை அமைத்திருப்பார்கள். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கலில் கரைந்துவிடும். தார் ரோட்டில் கரைய இடமில்லாமல் முன் டயரையும் கியரையும் தின்னும். ரோடு ஏறும்போது ஃபோர் வீல் லீவரைத் தள்ளி விடுவித்துவிட வேண்டும்.

எடை கூட்டினால் பிடி கூடும் என்பதும் எல்லா மண்ணிலும் உண்மையில்லை. பிரான்சின் ராணுவப் பொறியாளர் கூலும் 1773-இல் கோட்டைச் சுவர்களுக்காக மண்ணின் வலிமையை ஆராய்ந்தபோது அதை இரண்டாகப் பிரித்தார். துகளும் துகளும் உரசுவதால் வருவது ஒன்று. ஒட்டிக்கொள்வதால் வருவது இன்னொன்று. மணற்பாங்கான மண்ணில் உரசல்தான் எல்லாம். மேலே எடை ஏறினால் பிடியும் ஏறும். நீர் கோத்த களியில் உரசல் ஏறக்குறைய செத்துப்போகிறது, ஒட்டுதல் மட்டுமே மிச்சம். எடை ஏற்றினால் வண்டி புதையும், பிடி கூடாது. அங்கே வேண்டியது பரப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் சேற்றடிக்கும்போது டயருக்குப் பக்கத்தில் இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்களே, அது இந்த இரண்டாம் வகை மண்ணுக்கான பதில். மணலுக்குச் சொல்லப்பட்ட யோசனையைக் கேட்டுக்கொண்டு வயலுக்கு எடைக்கட்டி வாங்குகிறவர்கள் சேற்றில்தான் பாடம் படிக்கிறார்கள்.

சின்ன வண்டி கொஞ்சமாவது இழுக்கிறது என்றால் அதற்கு அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் காரணம். முதல் உலகப்போர்க் காலத்தில் டிராக்டர்கள் கலப்பையை வண்டிபோல் பின்னால் சங்கிலியில் கட்டித்தான் இழுத்தன. கலப்பை பாறையில் மாட்டினால் பின்சக்கரம் நகராது, எஞ்சின் விடாது, முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர்மேலேயே கவிழும். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டருக்கு இந்தக் கெட்ட பெயர் நிறைய உண்டு. பெர்குசன் கலப்பையை டிராக்டரின் உடம்போடு மூன்று இடத்தில் பிணைத்தார். கீழிரண்டு கம்பிகள் இழுக்கும். மண் கலப்பையைத் தடுக்கும்போது அது முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வை மேல்கம்பி டிராக்டரின் உடம்பை முன்னால் தள்ளும் விசையாக மாற்றும். முன்பக்கம் தரையோடு அழுந்தும். கலப்பையின் எடையும் அதை மண் கீழே இழுக்கும் விசையும் பின்சக்கரத்தில் போய்ச் சேரும். கூடவே, மேல்கம்பி அழுந்தும் அளவைப் பார்த்து ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைத் தானே கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். அதாவது மண் எவ்வளவு கடுமையாக எதிர்க்கிறதோ அவ்வளவு எடை சக்கரத்தில் கடனாக ஏறும். வேலை முடிந்ததும் அந்த எடை இல்லை. இரும்பைக் கூட்டாமல் எடையைக் கூட்டிய இந்த யோசனைக்கு ஈடாக டிராக்டர் வரலாற்றில் இன்னொன்றை என்னால் சொல்ல முடியாது.

1946-இல் கவென்ட்ரியில் தயாரான அவருடைய டி.இ.20 ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடை, இருபத்துச் சொச்சம் எச்.பி. இன்றைய கணக்கில் அதுவும் மினி டிராக்டர்தான். ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென்துருவத்தை எட்டியது பெர்குசன் டிராக்டர்களில், சக்கரத்துக்கு மேல் பட்டை மாட்டிக்கொண்டு. பெர்குசனின் நிறுவனம் 1953-இல் மாசி ஹாரிஸோடு சேர்ந்தது. அந்த மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத்தான் 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கியது. இப்போது எந்த ஷோரூமுக்குப் போனாலும், எந்தக் கம்பெனி வண்டியின் பின்னாலும் அந்த மூன்று கம்பிகளைத் தொட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு செய்தும் சின்ன டிராக்டர் இழுவையில் ஏழைதான். அதன் செல்வம் வேறு வழியில் வெளியே வருகிறது: பின்னால் சுற்றும் பி.டி.ஓ. தண்டு. எஞ்சின் திறனில் 85 சதவீதம் அளவுக்கு இந்தத் தண்டில் கிடைக்கும், மண் எப்படியிருந்தாலும். இருபது எச்.பி. வண்டியில் பதினேழு. சக்கரத்தின் வழியே மூன்று, தண்டின் வழியே பதினேழு என்று வைத்துக்கொண்டால் எந்தக் கருவியை மாட்டுவது என்பதில் குழப்பமே வராது.

ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபர்டு ஹோவர்டு 1912-இல், இன்னும் இருபது வயதைத் தொடாத பையன், கில்காண்ட்ரா ஊருக்குப் பக்கத்தில் அப்பாவின் பண்ணையில் இதைத்தான் செய்து பார்த்தார். கலப்பையை இழுப்பதற்குப் பதிலாக எஞ்சினால் வெட்டுக்கத்திகளைச் சுழற்றினார். உழவின்போது மண் இறுகிப்போவது குறைந்தது. ரோட்டவேட்டர் அங்கிருந்து வந்தது. அதன் கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றி மண்ணை மேலிருந்து கீழாக வெட்டிப் பின்னால் வீசுகின்றன. எதிர்விசை டிராக்டரை முன்னால் தள்ளுகிறது. சக்கரம் இழுக்கவே வேண்டியதில்லை, திசை காட்டினால் போதும். எண்ணூறு கிலோ வண்டி மூன்றடி ரோட்டவேட்டரை வைத்துக்கொண்டு புழுதி கிளப்புவதன் ரகசியம் இதுதான்.

ரோட்டவேட்டர் வாங்கும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பின் டயர் ஒன்றின் வெளிவிளிம்பிலிருந்து மற்றதன் வெளிவிளிம்புவரை அளந்தால் வரும் அகலத்துக்குக் குறையாமல் கருவி இருக்க வேண்டும். குறைந்தால் இரண்டு ஓரத்திலும் டயர் மிதித்த தடம் உழாமல் நிற்கும். வேகமும் கணக்கில் வர வேண்டும். மூன்றடி அகலம், மணிக்கு இரண்டரை கிலோமீட்டர், திரும்புவதிலும் மடங்குவதிலும் கால்வாசி நேரம் போகும் என்றால் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நாற்பத்தைந்து எச்.பி. வாடகை வண்டியின் வேகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும்.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. தண்டின் குறுக்களவு 35 மில்லிமீட்டர்; சுற்றளவு 11 சென்டிமீட்டர். துண்டின் நுனியோ வேட்டி ஓரமோ அதில் பட்டால் ஒரே நொடியில் ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். ஆளால் பின்வாங்க முடியாது. தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறையை, கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று கழற்றிப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனால் அந்த உறை இருக்கிறதா என்று பாருங்கள். வைத்திருந்தவரின் குணம் தெரிந்துவிடும்.

ரோட்டவேட்டரையே நம்பி வருஷக்கணக்கில் ஓட்டினால் வேறொரு தொல்லை. கத்தி இறங்குவது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அதற்குக் கீழே தட்டு ஒன்று இறுகிக்கொண்டே வரும்; மழைத் தண்ணீர் அதில் முட்டி நின்றுவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பையை நாற்பது சென்டிமீட்டர் ஆழம் இறக்கி அதை உடைக்க வேண்டும். அது சின்ன டிராக்டரின் வேலையே இல்லை. அந்த ஒரு நாளுக்காக ஐம்பது எச்.பி. வாங்குவதைவிட வாடகைக்குக் கூப்பிடுவது மேல். வேளாண் பொறியியல் துறையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. தென்னை மட்டை அரைக்கும் எந்திரங்கள் பலவும் முப்பத்தைந்து எச்.பி.க்கு மேல் கேட்பவை, அவையும் அப்படியே.

எடை குறைவாக இருப்பதில் லாபமும் உண்டு. மேல்மண் இறுகுவது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அடிமண் இறுகுவது அச்சின் மேலுள்ள மொத்த எடையைப் பொறுத்தது. சின்ன வண்டி அடிமண்ணைத் தொந்தரவு செய்வதில்லை. தென்னைக்கு உரம் வைக்கும் வட்டம் மரத்திலிருந்து ஆறடி. இரண்டு மரத்துக்கு நடுவே அந்த வட்டங்கள் போக மிஞ்சுவது பதின்மூன்றடிதான். நான்கடிக்குள் அடங்கும் வண்டி அதற்குள் போய்த் திரும்பி வரும்.

கருவியைத் தூக்கும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. இருநூறு கிலோ ரோட்டவேட்டரின் எடை மையம் பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.45 மீட்டர். தராசு விதிப்படி முன்சக்கரத்திலிருந்து 150 கிலோ கழிந்துவிடும். முந்நூறு இருந்த இடத்தில் பாதிதான் மிச்சம். ஸ்டியரிங் பேச்சைக் கேட்க முன்சக்கரத்தில் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும் என்பார்கள். நாம் அந்த ஓரத்தில் நிற்கிறோம். இந்த நிலையில் வரப்பேறினால் முன்பக்கம் அந்தரத்தில் நிற்கும். முன் பம்பரில் எடைக்கட்டி மாட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சேற்றில் மாட்டிக்கொண்டால் சக்கரத்தோடு கட்டையை வைத்துக் கட்டி ஏற்றிவிடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. கட்டை மண்ணில் ஊன்றி, சக்கரம் சுற்ற வழியில்லாமல் போனால், எஞ்சினின் முறுக்கு விசை சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் உடம்பைப் பின் அச்சைச் சுற்றித் திருப்பும். கவிழ ஒன்றரை நொடி போதும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும். கருவியைக் கழற்றிவிட்டு ரிவர்ஸில் எடுப்பதுதான் சரி, இல்லையென்றால் இன்னொரு வண்டி. ஸ்வீடன் 1959-இலேயே புது டிராக்டர்கள் எல்லாவற்றுக்கும் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. சாவுகள் மளமளவெனக் குறைந்தன. தோப்புக்குள் ஓட்ட மடக்கக்கூடிய சட்டமாக வாங்கலாம். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட வேண்டும், மடங்கியிருக்கும்போது போடக் கூடாது. இங்கே மடக்கியது மடங்கியே கிடக்கிறது.

பணக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வண்டி ஐந்து லட்சம், பத்து வருஷம் கழித்து இரண்டு லட்சத்துக்குப் போகும், வட்டி ஒன்பது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் வருஷத்துக்கு 30,000, வட்டி சராசரியாக 31,500. வருஷத்தில் நூற்றைம்பது மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 410 ரூபாய், டீசலும் ஆளும் தனி. அறுபது மணி நேரம் மட்டும் ஓட்டினால் மணிக்கு ஆயிரத்தைத் தாண்டும். நாலு ஏக்கர் உழவு மட்டும் என்றால் அறுபதைத் தாண்டாது. புல்வெட்டு, மருந்தடிப்பு, தேங்காய் ஏற்றும் டிரெய்லர் எல்லாம் சேர்ந்தால்தான் நூற்றைம்பது வரும். எதிர்ப்பக்கம் ஒன்று: மழை விட்டு மண் பதத்துக்கு வரும் மூன்று நாலு நாளில் ஊரே வாடகை வண்டிக்கு அலையும்போது சொந்த வண்டி வாசலில் நிற்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை என்ன என்பது பயிரைப் பொறுத்தது. மஞ்சள்காரர் அதிகம் சொல்வார், தென்னைக்காரர் குறைவாகச் சொல்வார்.

கம்பெனிகளின் எச்.பி. எண்ணை எல்லா ஊரிலும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உழவர்கள் பொய் எண்களால் ஏமாந்து, சோதனை செய்யாத டிராக்டரை விற்கக் கூடாது என்று 1919-இல் சட்டமே வந்தது. இந்தியாவில் அந்த வேலையை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம் செய்கிறது. பி.டி.ஓ.வில் எவ்வளவு, கொக்கியில் இழுவை எவ்வளவு, தூக்கும் திறன், டீசல் எல்லாம் அதன் அறிக்கையில் வரும். "புத்னி ரிப்போர்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டால் விற்பனையாளர் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார்.

கடைசியில், டெமோ வண்டியை ஷோரூம் முன்னால் ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றுமில்லை. தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள், அதுவும் வாய்க்கால் ஓரத்துக் களிக்கு. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு. கலப்பையைத் தூக்கிவைத்துக்கொண்டு டயர் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தைக் குச்சி நட்டு அளந்துகொள்ளுங்கள், 28.5 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கலப்பையை இறக்கி, மறுபடி பத்துச் சுற்று. 25 மீட்டர் என்றால் வழுக்கல் 12 சதவீதம். கடற்கரை மணலில் நடப்பதுபோல மண்ணில் ஓரளவு வழுக்கல் இல்லாமல் இழுவையே வராது. எட்டு முதல் பதினைந்து சதவீதம்வரை நல்ல இடம். தடத்தைக் குனிந்து பார்த்தாலும் தெரியும். பட்டைகள் அச்சுக் குத்தியதுபோல் தெளிவாக விழுந்திருந்தால் வண்டி இன்னும் இழுக்கும். நடுவில் மட்டும் மண் சற்று உடைந்திருந்தால் சரி. பட்டையே தெரியாமல் வழித்துவிட்டதுபோல் கிடந்தால் வழுக்கல் இருபதைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்காகப் பெரிய வண்டியைக் காட்டுவார்கள். அதைப் பார்க்கப் போவதற்கு முன்னால், ஐந்து கொத்துக் கலப்பையில் ஓரத்து இரண்டைக் கழற்றிவிட்டு அதே களியில் இன்னொரு பத்துச் சுற்று ஓட்டச் சொல்லுங்கள்.